சி.எஃப்.சி-12 ஆ, எச்.எஃப்.சி-134ஏ ஆ?

இரண்டுமே ஃபிரிட்ஜைக் குளிர வைக்கும் வாயுக்கள், இவற்றில் பழையது சி.எஃப்.சி-12. தீப்பிடிக்காது, நச்சும் பெரிதாக இல்லை, எதோடும் லேசில் வினைபுரியாது. வில்லங்கமே அங்கேதான். கீழே எதுவும் அதைச் சிதைக்காததால் சுமார் 100 ஆண்டு தாக்குப்பிடித்து, மெல்ல மெல்ல ஓசோன் படலம் இருக்கும் அடுக்கு மண்டலத்துக்கு ஏறி, புற ஊதாக் கதிர் பட்டதும் குளோரின் அணுவை உதிர்க்கிறது. அது ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறிக்கும், அதை இன்னொரு ஆக்சிஜன் அணுவிடம் ஒப்படைத்துவிட்டு, தான் மட்டும் பழையபடி அடுத்த ஓசோனைத் தேடிப் போகும். ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை இப்படியே காலி செய்யும். வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-லேயே எச்சரித்தார்கள். அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை 1985-ல் வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான், 1987-ல் இப்படிப்பட்ட வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம்!

சரி, 134ஏ? குளோரினே கிடையாது, ஆயுளும் 14 ஆண்டு போலத்தான். ஓசோன் தப்பித்தது. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில், 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் (அந்த விஷயத்திலும் பழையதுதான் மோசம், பத்தாயிரத்தைத் தாண்டும்). அதனால் அதே ஒப்பந்தத்தின் 2016 கிகாலி திருத்தம் 134ஏ-வையும் குறைக்கச் சொல்கிறது.

இரண்டில் ஒன்று என்றால் 134ஏ தான், யோசிக்கவே வேண்டாம். ஆனால் இப்போது பல புது ஃபிரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன் என்ற வேறொரு வாயு வந்துவிட்டது, அது தீப்பிடிக்கும் என்பது வேறு கதை.