ஜீப்புக்கு முன் ஆக்சில் மாற்ற நினைப்போர் கவனத்திற்கு

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றை நான் சொந்தமாக வைத்து ஓட்டுகிறேன். கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது என்றாலும், ஜீப் ஏறும் வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். தார் காணாத அந்தப் பாதையில், பாறைகளின் மேல் லோ கியரில் நான்கு சக்கரமும் இழுக்க, ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிக்க வேண்டிய வளைவுகளே அதிகம். பெரிய டயர் மாட்டிய பிறகு ஒரே பருவத்தில் இரண்டு முறை முன் ஆக்சிலின் கிராஸ் (திரும்பும் சக்கரத்துக்கு இழுப்பைக் கடத்தும் சிலுவை வடிவ மூட்டு) உடைந்தது. சக்கரம் முழுவதும் திரும்பி நிற்கும்போது இழுத்தால் பாரம் அந்தக் கிராஸில்தான் இறங்கும் என்பது தெரிந்திருந்தும், டயரைச் சிறிதாக்க மனம் வராமல், பலமான ஆக்சில் ஒன்றைத் தேடத் தொடங்கினேன்.

மலையடிவாரத்தில் உள்ள ஒரு பட்டறையில் ‘டானா 44’ வகை முன் ஆக்சில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த வகையில், ஆக்சிலின் நடுவில் உள்ள பெரிய பல்சக்கரமான கிரவுனின் விட்டம் எட்டரை அங்குலம். அதற்குச் சிறியதான ‘டானா 30’ வகையில் ஏழு அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஆகவே கேட்ட விலை 62,000 ரூபாய் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கறுப்புப் பெயின்ட் பளபளக்க, மஞ்சளில் 44 என்று எழுதி, குழாய்கள் என் பழைய ஆக்சிலைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி தடிமனாக இருந்தன. விவரம் தெரிந்தவனைப் போல, கிரவுனை அடைத்திருக்கும் மூடியின் போல்ட்டுகளை எண்ணிப் பார்த்தேன், பத்து இருந்தன. சிறிய வகைகளுக்கும் அதே பத்துதான் என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னதற்கு, “புது ஆயில் ஊற்றி அடைத்தாயிற்று, அண்ணா, திறந்தால் பேக்கிங் போய்விடும்” என்றார் உரிமையாளர். ஒரு பேக்கிங் என்ன விலை என்று எண்ணிப் பார்த்திருந்தாலே போதும். பில் கேட்டபோது, கையால் எழுதிய எஸ்டிமேட் தாள் ஒன்றைக் கொடுத்து, பில் பிறகு வரும் என்றார்.

சாதாரண ரோட்டில் முன் இழுப்பைப் போடுவதில்லை என்பதால் முதல் சில நாள்கள் குறை எதுவும் தெரியவில்லை. மலையில் ஃபோர் வீல் போட்டதும் வண்டி ஏறியது. ஆனால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதைப் போன்ற ஒரு கனம் இருந்தது. இறங்கி வந்து தாரைத் தொட்ட பிறகு ஃபோர் வீல் லீவரை விடுவிக்க முடியவில்லை. ரிவர்ஸில் சில அடி போன பிறகே விட்டது. முன் டயர்கள் அரம் தேய்த்ததுபோல் தேய்ந்தன. ஃபோனில் கேட்டதற்கு, “புது ஆக்சில் இறுக்கமாகத்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகும்” என்ற பதிலே மூன்று முறையும் வந்தது. ஐந்தாம் வாரம், ஆறு பயணிகள் உள்ளே இருக்கையில், ஏற்றத்தின் நடுவில் கிராஸ் மறுபடியும் உடைந்தது. பாறையில் சாய்ந்து நின்றதால் வண்டி உருளவில்லை.

போடியில் எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர், புதுக் கிராஸ் போட்டுவிட்டு, மூடியைத் தொடும் முன்பே விஷயத்தைக் கண்டுபிடித்தார். நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தைத் தரையில் விட்டு மறு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, ஆக்சிலுக்கு இழுப்பைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் போட்ட சாக்பீஸ் கோடு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணச் சொன்னார். பின்னால் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. முன்னால் ஐந்தேகாலுக்கும் மேல். திறந்து பார்த்தபோது முன் கிரவுனின் விளிம்பில் 43, 8 என்று பொறித்திருந்தது; கிரவுனுக்கு 43 பல், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரத்துக்கு 8 பல் என்று பொருள். என் பின் ஆக்சிலுக்கு 39, 8. அதாவது பின்சக்கரம் 100 சுற்றுச் சுற்றும்போது முன்சக்கரம் ஏறத்தாழ 91தான் சுற்றப் பார்க்கும். சேற்றில் வழுக்கி ஈடுகட்டிக்கொள்ளும் இந்த வேறுபாடு, பிடிப்புள்ள பாறையிலும் தாரிலும் போவதற்கு இடமின்றிக் கிராஸையும் பல்லையும் முறுக்குகிறது. இத்தனைக்கும், பழைய ஜீப்களில் பின்பக்கத்துக்கு வெட்டிய பல்லையே முன்பக்கமும் போட்டிருப்பதால், முன்னோக்கி ஏறும்போது பாரம் பல்லின் வலுக்குறைந்த முகத்தில்தான் விழுகிறது என்றும் அவர் காட்டினார்.

கிரவுனின் விட்டம் ஏழு அங்குலம்கூட இல்லை. தடிமன் என்று நான் நம்பியது, சிறிய ஆக்சிலின் குழாய் மேல் இன்னொரு குழாயைச் சொருகி வெல்டு வைத்த உறை. ஹவுசிங்கில் வார்ப்பு எண் இருக்க வேண்டிய இடத்தைக் கிரைண்டரால் தேய்த்துப் பட்டி பூசியிருந்தார்கள். பல் பொருந்தாததைக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். எண்ணைத் தேய்த்ததை அப்படி விட முடியாது.

திருப்பித் தரப் போனபோதுதான் இன்னொன்று புரிந்தது. “கேஸ் போட்டால், வண்டியை மாற்றியது ஏன் என்று ஆர்டிஓ உங்களைத்தான் கேட்பார்” என்றார் பட்டறை உரிமையாளர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பும் வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவது உண்மைதான். வாங்குபவனின் அந்தப் பயத்தை நம்பியே இந்த வியாபாரம் நடக்கிறது என்று நினைக்கிறேன். வாங்கும் முன்பே நான் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டிருக்க வேண்டும். அது என் தவறு. ஆனால் சிறிய பொருளைப் பெரியதென்று விற்றது வேறு குற்றம்.

பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டும் வண்டிக்கு வாங்கிய பொருளுக்கும் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் கிடையாது. எஸ்டிமேட் தாள், பணம் அனுப்பிய வங்கி விவரம், தேய்த்த இடத்தின் படங்கள், கிரவுனில் உள்ள எண்ணின் படம் ஆகியவற்றோடு இடுக்கி மாவட்ட ஆணையத்திற்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். அதே பட்டறையில் மஞ்சள் 44 எழுதிய ஆக்சில் இன்னும் இரண்டு வெளியே அடுக்கியிருந்ததை அன்று பார்த்தேன். ஜீப்பில் இப்போது பழைய ஆக்சிலும் பழைய அளவு டயரும்தான்.