‘என்கோடிங் ஓவர்லோடட்’ வந்தால் எங்கே கை வைக்கணும்: வேலூர் வெயிலில் ஓபிஎஸ் ஓட்டிய அனுபவம்

திரையில் நடப்பதை வீடியோவாக எடுக்கும் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருளில் ரெக்கார்டிங் போட்டுவிட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது கீழே ஓரத்தில் ‘என்கோடிங் ஓவர்லோடட்’ என்று ஒரு வரி வரும், அதாவது படத்தை அமுக்கி எழுதும் வேலையைக் கம்ப்யூட்டரால் தாங்க முடியவில்லை. அதைப் பார்த்ததும் நிறைய பேர் முதலில் கை வைப்பது பிட்ரேட்டில், அதாவது வீடியோவின் ஒரு நொடிக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவில். அதைக் குறைத்தால் எழுத்துகள் மங்கும், கோடுகள் கரையும், ஆனால் ஃப்ரேம் (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படம்) போவது நிற்கவே நிற்காது. ஒரு ஃப்ரேமை அமுக்கி எழுத எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் இங்கே விஷயம். அது முடிந்து எவ்வளவு பெரிய ஃபைல் வருகிறது என்பது வேறு கதை.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ட்வின்மோஷன் ஆகிய கட்டட வரைபட, முப்பரிமாண மென்பொருள்களைச் சொல்லிக்கொடுக்கிறேன். குடியாத்தம், ஆற்காடு, ஆரணி பக்கமிருந்து டிப்ளமோ படித்த பிள்ளைகள் வருவார்கள், தினமும் பஸ் ஏறி வர முடியாதவர்களுக்கு அன்றைய வகுப்பை ரெக்கார்ட் செய்து அனுப்புவது வழக்கம். இன்டெல் ஜிபியு (திரைக் காட்சியை வரையும் சிப்) ஒன்றும் என்விடியா ஜிபியு ஒன்றும் உள்ள சாதாரண லேப்டாப். சில வருஷமாக இதே மெஷினில்தான் ஓடுகிறது, அதனால் கீழே சொல்வதெல்லாம் கோடையும் மழையும் பார்த்த செட்டிங்ஸ்.

முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாட்ஸ் பெட்டி. ‘டாக்ஸ்’ மெனுவில் இருக்கிறது, ரெக்கார்டிங் ஓடும்போது திறந்தே வைத்திருங்கள். அதில் ஃப்ரேம் இழப்பு மூன்று தனித்தனி வரிகளில் வரும். ரெண்டரிங் லேக் என்றால் ஜிபியுவால் திரைக் காட்சியைக் கோத்துக் கொடுக்க முடியவில்லை. என்கோடிங் லேக் என்றால் கோத்துக் கொடுத்ததை என்கோடரால் நேரத்துக்குள் அமுக்க முடியவில்லை. மூன்றாவது டிராப்டு ஃப்ரேம்ஸ், அது நெட்வொர்க் சம்பந்தப்பட்டது, லைவ் போகிறவர்களுக்கு மட்டும். ரெக்கார்ட் மட்டும் செய்கிறவர்களுக்கு அது எப்போதுமே பூஜ்யம்தான். குடியாத்தத்துத் தம்பி ஒருவர் “அண்ணா, டிராப்டு ஃப்ரேம்ஸ் ஜீரோதான் காட்டுது, ஆனா வீடியோ குதிச்சு குதிச்சு போகுது” என்று கேட்டார். அவர் பார்த்தது மூன்றாவது வரியை, நோய் இருந்தது முதல் வரியில். ரெக்கார்டிங்கை நிறுத்திய பிறகு ‘ஹெல்ப்’ மெனுவில் லாக் ஃபைலைத் திறந்தால் கடைசிப் பகுதியில் எத்தனை ஃப்ரேம் எதனால் போனது என்று சதவீதத்தோடு எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் செட்டிங்ஸ் மாற்றுவது வீண் அலைச்சல். அதே போல, லாகில் இழப்பே இல்லாமல் வீடியோ மட்டும் திக்கினால் அது பெரும்பாலும் பார்க்கிற மெஷினின் பிரச்சினை, வேறு ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃப்ரேம்) என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 30 என்றால் 33.3. பாடம் நடத்தும் வீடியோவுக்கு 30 தாராளம். ரெசல்யூஷனை 720-க்கு இறக்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஏனென்றால் ஆட்டோகேடில் அளவு எழுத்தும் மெல்லிய கோடும் அங்கேதான் செத்துப்போகும், பார்க்கிற பிள்ளை 230-ஐ 280 என்று படிப்பான். எஃப்பிஎஸ்ஸைக் குறையுங்கள், ரெசல்யூஷனை விட்டுவிடுங்கள். கேன்வாஸும் (ஓபிஎஸ் காட்சியைக் கோக்கும் அளவு) அவுட்புட்டும் (ஃபைலில் எழுதும் அளவு) ஒரே அளவில் இருந்தால் அளவு மாற்றும் வேலையும் மிச்சம்.

என்கோடிங் லேக் வந்தால் பெரும்பாலும் எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடர் ஓடிக்கொண்டிருக்கும். அது முழுக்க சிபியு வேலை. ஆட்டோகேட் மட்டும் திறந்திருந்தால் தெரியாது, பக்கத்தில் சிபியுவை வைத்து ஒரு ரெண்டர் போட்டீர்களோ, எல்லா கோரையும் அது பிடித்துக்கொள்ளும், ஓபிஎஸ் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். இதற்குத் தீர்வு வன்பொருள் என்கோடர், அதாவது அமுக்கும் வேலைக்கென்றே ஜிபியுவில் இருக்கும் சுற்று. இன்டெலின் குவிக் சிங்க் 2011-இல் சாண்டி பிரிட்ஜ் சிபியுக்களோடு வந்தது, என்விடியாவின் என்வென்க் 2012-இல் கெப்ளர் கார்டுகளோடு வந்தது, ஆக பழைய மெஷின் என்று ஒதுக்க வேண்டியதில்லை, அதிலும் இருக்க வாய்ப்பு அதிகம். என்வென்க் எடுத்தால் சிக்யூபி (தரத்தை ஒரு எண்ணால் நிர்ணயிக்கும் முறை) வைத்து 20-லிருந்து 23-க்குள் எண் கொடுங்கள், லுக்-அஹெட், சைக்கோ விஷுவல் ட்யூனிங் இரண்டையும் அணைத்துவிடுங்கள். என்கோடர் தனிச் சுற்று என்றாலும் இந்த இரண்டும் ஜிபியுவின் பொதுக் கோர்களையும் கொஞ்சம் தின்னும், ட்வின்மோஷன் ஓடும்போது அந்தக் கொஞ்சம் கூடக் கிடைக்காது.

எனக்கு அதிகம் தொல்லை கொடுத்தது ரெண்டரிங் லேக்தான். ட்வின்மோஷன் மாதிரி நிகழ்நேரத்தில் காட்சி வரைகிற மென்பொருள் ஜிபியுவை முழுதாகக் கேட்கும், ஓபிஎஸ்ஸுக்கும் காட்சியைக் கோக்க அதே ஜிபியு வேண்டும். எக்ஸ்264-லிருந்து என்வென்க்குக்கு மாறியும் வீடியோ குதிக்கிறது என்று சொல்கிறவர்களில் பலருக்கு நோய் இதுதான், என்கோடரை எத்தனை தடவை மாற்றினாலும் போகாது. ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் விண்டோஸ் அதற்கு ஜிபியுவில் முன்னுரிமை கொடுக்கும், பாதிப் பிரச்சினை அங்கேயே அடங்கும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் அதிகபட்ச ஃப்ரேம் ரேட்டுக்கு ஒரு வரம்பு போட்டால் இன்னும் கொஞ்சம் அடங்கும். ட்வின்மோஷனின் தரத்தை ஒரு படி இறக்குவதும் உதவும், ஆனால் நிழலும் கண்ணாடியும் அழகாகத் தெரிய வேண்டிய பாடத்தில் அதைச் செய்ய மனசு வராது.

கடைசியில் எனக்கு நிலையாக உட்கார்ந்த ஏற்பாடு வேறு. இரண்டு ஜிபியு உள்ள லேப்டாப்புகள் பலவற்றில் திரை இன்டெல் ஜிபியுவோடுதான் இணைந்திருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராஃபிக்ஸ் போய், ஓபிஎஸ்ஸுக்கு ‘பவர் சேவிங்’ கொடுத்தேன், ட்வின்மோஷனுக்கும் ஸ்கெட்ச்அப்புக்கும் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’. என்கோடர் குவிக் சிங்க். இப்போது காட்சி கோப்பதும் அமுக்குவதும் இன்டெல் பக்கம், என்விடியா முழுதும் ட்வின்மோஷனுக்கு. டிஸ்ப்ளே கேப்சரில் வெறும் கருப்புத் திரை வருகிற தொல்லையும் இதிலேயே தீர்ந்தது. ஒன்று முக்கியம்: இன்டெல் ஜிபியுவுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போடும். ஒற்றை ரேம் போட்ட மெஷினில் அது நொண்டும். இன்னொரு ரேம் சேர்த்து இரட்டைச் சேனலாக்கியதும் ரெண்டரிங் லேக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கியது, இந்த லேப்டாப்புக்காகச் செலவு செய்ததில் மிக உருப்படியானது அதுதான். மானிட்டரின் கேபிள் நேராக என்விடியா கார்டில் செருகியிருக்கும் டெஸ்க்டாப்புக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது, அங்கே எல்லாவற்றையும் என்விடியாவிலேயே வைத்து என்வென்க் போடுவதுதான் சரி.

சரி, வெயில். மார்கழியில் ஒரு ஃப்ரேம் கூடப் போகாத அதே செட்டிங்ஸ் கத்திரி வெயில் நாளில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஓவர்லோடு காட்டும். வெளியே 40 டிகிரியைத் தாண்டி, அறையில் மின்விசிறி அனல் காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது லேப்டாப் உறிஞ்சுவதும் அதே அனல்தானே. சிபியு 95, 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், காலையில் ஒரு ஃப்ரேமுக்கு ஆன நேரம் மத்தியானம் நீண்டுவிடும். பாடம் ஆரம்பித்து முதல் பத்து பதினைந்து நிமிஷம் சுத்தமாக இருந்து அதற்கப்புறம் குதிக்க ஆரம்பித்தால் வேறெங்கும் தேட வேண்டாம், சூடுதான். எங்கள் தெருவில் புழுதி அதிகம், ஹைவே பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும், ஃபேன் இடுக்கில் கம்பளி மாதிரிப் படிந்துவிடும். வருஷா வருஷம் கோடைக்கு முன்னால் சர்வீஸ் கடையில் கொடுத்துத் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றிவிடுகிறேன். அப்புறம் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் ‘மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட்’ என்பதை 99 சதவீதமாக வைத்தால் டர்போ நின்றுவிடும், சூடு கணிசமாக இறங்கும். எக்ஸ்264 போடுகிறவர்களுக்கு இது நஷ்டம், வன்பொருள் என்கோடர் போடுகிறவர்களுக்கு லாபம். என் மெஷினில் மே மாதத்தைக் காப்பாற்றியது இந்த ஒரு செட்டிங்தான் என்று தயங்காமல் சொல்வேன். அந்த மாதத்தில் கனமான ட்வின்மோஷன் பாடங்களை விடியற்காலையில் எடுக்கிறேன், அது செட்டிங்கை விடப் பெரிய நன்மை.

கரண்ட் போனால் இன்னொரு கூத்து. லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் சிபியு, ஜிபியு இரண்டுமே வேகம் இறங்கும், அந்த நிமிஷத்திலிருந்து ஸ்டாட்ஸில் எண் ஏறும். இன்வெர்ட்டர் லைனில் சார்ஜரைச் செருகி வைப்பது நல்லது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் எம்பி4-இல் நேராக ரெக்கார்ட் செய்யவே கூடாது, பாதியில் அணைந்தால் பழைய முறை எம்பி4 ஃபைல் திறக்காமலே போகலாம். எம்கேவி என்ற ஃபைல் வகையில் எடுத்தால் அணைந்த நொடி வரை இருக்கும், பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ‘ரீமக்ஸ்’ கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் துளியும் மாறாது.

ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருப்பதால் ஃப்ரேம் போகிறது என்று ஒரு பேச்சு உண்டு. 20 மெகாபிட் பிட்ரேட் என்றால் நொடிக்கு 2.5 மெகாபைட். பழைய சுழலும் டிஸ்க் கூட அதைச் சிரமமில்லாமல் எழுதும். டிஸ்க்கே பழுதாகியிருந்தாலோ தரம் துளியும் குறையாத ‘லாஸ்லெஸ்’ முறையில் ரெக்கார்ட் செய்தாலோதான் அது பிரச்சினை. அதைவிட வெப்கேமை 1080-இல் வைத்து மூலையில் சின்னதாகக் காட்டுவது வீண் சுமை, 720 போதும். விண்டோஸ் கேம் பார் பின்னணியில் தானாக ரெக்கார்ட் செய்வதை அணையுங்கள், அதுவும் அதே என்கோடரைத்தான் பிடித்துக்கொள்ளும்.

ராணிப்பேட்டை நண்பர் ஒருவருக்கு மட்டும் இதில் பாதி உதவவில்லை. அவருடைய சிபியு பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருக்கும் வகை, அதில் உள் ஜிபியு கிடையாது, ஆகவே குவிக் சிங்க் இல்லை. கார்டும் என்வென்க் இல்லாத மிகப் பழையது. அவருக்கு எக்ஸ்264 தவிர வழியில்லாததால் ஓபிஎஸ் சிம்பிள் மோடிலேயே உள்ள ‘லோ சிபியு யூசேஜ் ப்ரீசெட்’ போட்டு 30 எஃப்பிஎஸ்ஸில் வைத்தோம். ஃபைல் நன்றாகவே பெருத்தது, ஆனால் ஆட்டோகேட் பாடம் குதிக்காமல் ஓடுகிறது. ராத்திரி படுக்கப் போகும்போது ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ சுருக்கும் மென்பொருளில் போட்டுச் சுருக்கிவிட்டு, காலையில் மாணவர்களுக்கு அனுப்புகிறார்.