டீப் பர்ப்பிளின் 'இன் ராக்': ஆர்கன் உறுமத் தொடங்கிய இசைத்தட்டு

1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு மேடையேறிய பிரிட்டிஷ் ராக் குழு டீப் பர்ப்பிள், 1970 ஜூனில் வெளியிட்ட 'இன் ராக்' ஆல்பத்தில் வயலின்களையும் செல்லோக்களையும் அடியோடு ஒதுக்கிவிட்டது. அந்தக் கச்சேரிக்கான இசையை எழுதியவர் குழுவின் ஆர்கன் கலைஞர் ஜான் லார்ட்; ஆனால் கிதார் கலைஞர் ரிச்சி ப்ளாக்மோருக்கு முழுக்க முழுக்க ராக் இசையாலான ஓர் ஆல்பம் வேண்டியிருந்தது. பாடகர் ராட் எவான்ஸும் பேஸ் கிதார் வாசித்த நிக் சிம்பரும் போய், எபிசோட் சிக்ஸ் குழுவிலிருந்து இயன் கில்லனும் ராஜர் க்ளோவரும் வந்து சேர, டிரம்ஸில் இயன் பெய்ஸ் தொடர, இந்த ஐவரும் ஸ்டுடியோவில் உருவாக்கிய முதல் ஆல்பம் இது.

இதன் கனத்துக்குக் கிதாரே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ப்ளாக்மோர் முன்பும் வேகமாகத்தான் வாசித்தார். மாறியது லார்டின் ஹாமண்ட் என்ற மின் ஆர்கன். கிதார்க்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாக அதை அவர் செலுத்தியதும், வழவழப்பான அதன் நாதம் கரகரத்து, இரண்டாவது கிதாராகவே மாறிவிட்டது. முதல் பாடலான 'ஸ்பீட் கிங்'கின் தொடக்கத்தில் இதைத் துல்லியமாகக் கேட்கலாம். கட்டுக்கடங்காத இரைச்சல் ஒன்று வெடித்து ஓய்ந்ததும், உதகையிலோ குன்னூரிலோ ஞாயிறு ஆராதனைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு நன்கு அறிமுகமான அமைதியோடு ஆர்கன் தனியே ஒலிக்கிறது. அந்த அமைதியை நம்பி நாம் சாய்ந்து உட்காரும்போது ஐவரும் ஒரே அடியாக இறங்குகிறார்கள். அமெரிக்காவில் வெளியான பதிப்பில் அந்தத் தொடக்க இரைச்சலை வெட்டிவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஆல்பத்தின் உயிர், பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும் 'சைல்ட் இன் டைம்'. இதன் ஆர்கன் மெட்டு, 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' என்ற அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' பாடலிலிருந்து எடுக்கப்பட்டது; அங்கே வயலினில் துள்ளி ஓடும் மெட்டை இங்கே காலப்பிரமாணத்தைக் குறைத்து, ஆழமான ஏக்கமாக ஆக்கியிருக்கிறார்கள். கில்லன் ஏறக்குறைய முணுமுணுப்பாகப் பாடத் தொடங்குகிறார். பின்பு சொற்கள் நின்றுவிடுகின்றன. வெறும் 'ஊ' என்ற ஒலியில் தொடங்கும் குரல் அடுத்த சுற்றில் வலுத்து, அதற்கடுத்த சுற்றில் தார ஸ்தாயியைத் தொட்டு அலறலாகிறது. நம் கச்சேரிகளில் மேல் ஷட்ஜத்தில் நின்று நிரவல் செய்யும் பாடகரைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, படிப்படியாக ஏறும் இந்த முறை அந்நியமாக இருக்காது. அதன்பின் வேகம் கூடி, ப்ளாக்மோரின் நெடிய தனி வாசிப்பு. சடாரென ஒரு நிறுத்தம். மீண்டும் அதே மெல்லிய ஆர்கன். இவ்வளவு தணிந்த இடத்திலிருந்து கிளம்புவதால்தான் அந்த அலறல் நெஞ்சில் இறங்குகிறது. முதல் நொடியிலிருந்தே கத்தும் பல பிற்காலக் குழுக்களுக்கு இந்தப் பொறுமை வாய்க்கவில்லை.

'ப்ளட்சக்கர்', 'இன்டு தி ஃபயர்' இரண்டும் சுருக்கமான, முரட்டுத்தனமான நல்ல பாடல்கள். 'லிவிங் ரெக்' சுமார் ரகம்தான். 'ஃப்ளைட் ஆஃப் தி ராட்' கிட்டத்தட்ட எட்டு நிமிடம் ஓடுகிறது. இறுதியில் வரும் பெய்ஸின் டிரம்ஸ் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதற்கு முன் இரண்டு நிமிடத்தைக் குறைத்திருக்கலாம். கடைசியில் உள்ள 'ஹார்ட் லவின் மேன்' வேறு தரத்தில் இருக்கிறது. க்ளோவரின் பேஸ் குதிரைப் பாய்ச்சலில் ஓட, அதன் மேல் ஆர்கனும் கிதாரும் மாறி மாறி மோதிக்கொள்கின்றன. பின்னாளில் ஹெவி மெட்டல் என்று பெயர் பெற்ற இசையின் ஓட்டம் இந்தப் பாடலிலேயே தெளிவாக இருக்கிறது. இதைப் பதிவு செய்த மார்ட்டின் பர்ச் பிற்பாடு ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் புகழ்பெற்ற ஆல்பங்களைத் தயாரித்தவர் என்பது பொருத்தமான தொடர்ச்சி.

ரஷ்மோர் மலைப் பாறையில் அமெரிக்க அதிபர்களுக்குப் பதிலாக இந்த ஐவரின் முகங்களைச் செதுக்கிய அட்டை, கையில் எடுத்துப் பார்க்கவே நிறைவளிப்பது. ஆனால் எங்கள் கோத்தகிரிப் பக்கம் பழைய எல்பி இசைத்தட்டு வாங்குபவர்கள் அட்டையை மட்டும் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக்கணக்காக ஈரம் குடித்த அலமாரிகளில் இருந்த தட்டுகளில் பூஞ்சை வெளிறிய புள்ளிகளாகப் பள்ளங்களுக்குள் இறங்கியிருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும். தேயிலைத் தோட்ட வேலை முடிந்து சமவெளிக்குப் போன ஒரு குடும்பத்தாரிடம் நான் வாங்கிய பிரதியிலும் அப்படித்தான் இருந்தது. காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்ததில் பெரும்பாலும் சரியாயிற்று. எஞ்சிய படபடப்பு 'ஸ்பீட் கிங்'கில் காதில் படாது, 'சைல்ட் இன் டைம்' தொடக்கத்தில் நிச்சயம் உறுத்தும். ஆகவே பழைய தட்டை வாங்கும் முன் முதல் பக்கத்தின் அந்த மூன்றாவது பாடலை ஓடவிட்டுக் கேளுங்கள்.

தட்டும் ஊசியும் வேண்டாம் என்பவர்களுக்கு 1995இல் வந்த 25ஆம் ஆண்டுப் பதிப்பின் சிடியைப் பரிந்துரைக்கிறேன். மூல ஆல்பத்தின் ஏழு பாடல்களோடு, பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை சென்ற 'ப்ளாக் நைட்' தனிப்பாடலும், க்ளோவர் புதிதாக ஒலிக்கலவை செய்த சில வடிவங்களும் அதில் உண்டு. க்ளோவரின் கலவைகளில் ஒவ்வொரு கருவியும் தெளிவாகப் பிரிந்து கேட்கிறது. ஆனாலும் ஆர்கனும் கிதாரும் ஒன்றோடொன்று உரசி எது எதுவென்று தெரியாமல் கலந்து நிற்கும் 1970ஆம் ஆண்டுக் கலவையே என் தேர்வு. முதல் ஏழு பாடல்களை வரிசை மாற்றாமல், ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.