தூக்கின வி-கிராஸும் அந்த ‘டொக்’ சத்தமும்

ஓசூரில் இருக்கும் நண்பர் செகண்ட் ஹேண்டில் ஒரு இசுசூ வி-கிராஸ் பிக்கப் எடுத்திருக்கிறார். வண்டியின் உயரத்தை இரண்டு இஞ்ச் தூக்கப் போகிறாராம், முன்பக்கம் என்ன ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போடலாம் என்று கேட்டார். என் வி-கிராஸ் பெங்களூரில் மூன்று வருஷத்துக்கும் மேலாகத் தூக்கினபடிதான் ஓடுகிறது. போனில் பேசினால் கோபத்தில் பாதி விஷயம் விட்டுப்போகும். அதனால் எழுதிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு பக்கமும் மோனோட்யூப் ஷாக் போட்டேன். கம்பெனி ஷாக்கில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் வண்டி அப்புறமும் இரண்டு தரம் தலையாட்டும். இப்போது ஒரே அமுக்கு, அத்தோடு சரி. மோனோட்யூபில் வாயுவும் எண்ணெயும் தனித்தனியாக, நடுவில் ஒரு மிதக்கும் பிஸ்டன். எவ்வளவு குலுங்கினாலும் எண்ணெய் நுரைக்காது. வெளிக்குழாயில் நேராகக் காற்று படுவதால் சூடும் சீக்கிரம் இறங்கும். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கலுக்கு ஒரு தரம் போனோம். பின் சீட்டில் அம்மா தூங்கிவிட்டார். பிக்கப் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய சர்டிபிகேட் என்று.

இப்போது அந்தச் சத்தம். ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது, முன் சக்கரம் தொங்கும் அந்த நொடியில், காலடியில் ‘டொக்’. சுத்தியலால் தட்டியது மாதிரி. ஐ.ஆர்.சி. (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். எங்கள் லேஅவுட்டில் இருப்பதெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டின தார் மேடு. ஏறி இறங்கினால் ஒரு டொக், பக்கத்து சந்துக்குத் திரும்பினால் இன்னொன்று.

மெக்கானிக் லிங்க் ராடு என்றார், மாற்றினோம். டாப் மவுண்ட் என்றார், அதையும் மாற்றினோம். கடைசியில், “தூக்கின வண்டின்னா இப்படித்தான் சார்” என்றார். எனக்கு எரிச்சல் ஏற்றியது அந்த ஒரு வாக்கியம்தான். ஏனென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது, ரொம்பச் சாதாரணமான காரணம்.

நின்ற நிலையிலிருந்து சக்கரம் கீழே இறங்க 90 மில்லிமீட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கால் வண்டியை 50 தூக்கினால் அந்த இடத்தில்தான் 50 போகும். மிச்சம் 40. ஷாக்கின் நீளமும் கூடினால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், அதுவும் மேல் ஆர்ம் (சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் இரும்புக் கை) இடம் கொடுக்கும் வரைதான். மேட்டிலிருந்து இறங்கும்போது சக்கரம் அந்த 40-ஐத் தாண்டி இறங்கப் பார்க்கும். ஷாக் முழுசாக நீண்டு உள்ளே முட்டும். அதுதான் டொக்.

என் வண்டியில் மிச்சமே இல்லாமல் போனதற்குக் கடைதான் காரணம். வண்டியைத் தூக்க வரும் வெளிநாட்டு கிட்களில் முன் ஸ்பிரிங் பல எடைக்கு வரும்: வெறும் வண்டிக்கு ஒன்று, இரும்பு பம்பர் வைத்தவர்களுக்கு ஒன்று, பம்பரோடு வின்ச்சும் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் மோட்டார்) இருந்தால் இன்னும் கனமாக ஒன்று. நம் ஊரில் இரும்பு பம்பரைக் கழற்றச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. என் வண்டி முன்னால் ஒரு கிலோ கூட அதிகம் இல்லை. ஆனாலும் கடையில் ஸ்டாக் இருந்ததோ பம்பர் ஸ்பிரிங், தலையில் கட்டிவிட்டார்கள். கனத்துக்காகச் செய்த ஸ்பிரிங் கனம் இல்லாத வண்டியில் சும்மா இருக்குமா? இரண்டு இஞ்ச் சொன்ன இடத்தில் மூன்று தூக்கியது. ஷாக் எப்போதும் முக்கால்வாசி நீண்டே நின்றது.

இது போதாது என்று லோயர் ஆர்ம் புஷ், அதாவது கீழ் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்து ரப்பர். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டார்கள். அந்த புஷ்ஷில் ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கும், சுற்றாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும்போது டைட் செய்தால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டேதான் இருக்கும். போன மாதம் கழற்றிப் பார்த்தபோது ஒரு பக்கம் விரலை விடும் அளவுக்குக் கிழிந்திருந்தது. ஜே.சி. ரோட்டில் புஷ் வாங்கி வேறு இடத்தில் போட்டேன். லைட் ஸ்பிரிங்கும் வரவழைத்து மாட்டியாயிற்று. உயரம் இறங்கியது, சத்தமும் பெரும்பாலும் போய்விட்டது. வீட்டு கேட்டுக்கு முன்னால் இருக்கிற மேட்டில் மட்டும் இன்னும் உண்டு.

மலிவாக ஸ்பேசர் போட்டுத் தூக்கலாம் என்றும் நண்பர் கேட்டார். வேண்டாம். ஷாக்குக்கு மேலே வைக்கும் அந்த வட்டு, ஆர்மை இன்னும் கீழே தள்ளி பால் ஜாயின்டையும் (ஆர்ம் சக்கரத்தோடு சேரும் மூட்டு) ஆக்ஸில் பூட்டையும்தான் (ஆக்ஸில் மூட்டை மூடும் ரப்பர் உறை) தின்னும். எப்படித் தூக்கினாலும் காஸ்டர் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டீயரிங் தானாக நேராக வராது. சாதா அலைன்மென்டில் அது சரியாகாவிட்டால் மேல் ஆர்மும் மாற்ற வேண்டும், அது தனிச் செலவு. அப்புறம் ஆர்.டி.ஓ. தொல்லை வேறு: வண்டி கம்பெனி கொடுத்தபடிதான் இருக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நிறுத்தினால் வாதாட முடியாது.

ஆகவே என் பதில்: தூக்காதீர்கள். அதே உயரத்தில் நல்ல ஷாக் மட்டும் போடுங்கள். நான் மேலே புகழ்ந்ததில் முக்கால்வாசி ஷாக்கால் வந்தது, உயரத்தால் இல்லை. என் வண்டியை ஏன் பழைய உயரத்துக்கே இறக்கவில்லை என்று கேட்டால், இறக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். பார்க்க நன்றாக இருக்கிறது.

இல்லை, தூக்கியே தீருவேன் என்றால் போல்ட் முறுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நாலு சக்கரமும் தரையில் இருக்கட்டும். டீ குடிக்கப் போகாதீர்கள்.