வெளிப்புற மின்இணைப்புக்கு எம்.சி.பி. போதுமா, ஆர்.சி.சி.பி. வேண்டுமா?

கிணற்றடி மோட்டாருக்கும் வாசல் விளக்குக்கும் தனி எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் தானாக இறங்கி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பதால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது. எம்.சி.பி. முதன்மையாகக் காப்பது ஒயரைத்தான். மின்பளு அளவை மீறி நீடித்தாலோ, ஷார்ட் சர்க்கியூட் ஏற்பட்டாலோதான் அது இறங்கும். மனித உடலிலோ 30 மில்லிஆம்பியருக்கு மேல் சற்று நேரம் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 16 ஆம்பியர் எம்.சி.பி. இறங்காமல் விடும் மின்னோட்டமோ அதைப்போல் 500 மடங்குக்கும் மேல்.

மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் கருவியான ஆர்.சி.சி.பி. வேறு விதமாக வேலை செய்கிறது. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. தோல் உரிந்த ஒயர் உரசிக்கொண்டிருக்கும் கொடிக்கம்பியில், வெறுங்காலுடன் ஈரத்தரையில் நின்று ஒருவர் துணி உலர்த்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அவர் உடல்வழியே மண்ணுக்குக் கசியும் மின்சாரம் கணக்கில் குறைய, 30 மில்லிஆம்பியர் வகைக் கருவி 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எம்.சி.பி. பெரும்பாலும் அசையாது.

ஆனால் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரப் பிடித்தவரை ஆர்.சி.சி.பி.யால் உணர முடியாது. மின்பளு மிகுவதையும் அது கவனிப்பதில்லை. ஆகவே எம்.சி.பி.யோடு சேர்த்தே அதைப் பொருத்த வேண்டும். எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அடிக்கடி இறங்குகிறதே என்று அதைக் கழற்றி நேரடி இணைப்புக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது, ஏனெனில் அது காட்டுவது எங்கோ உள்ள கசிவையே. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் உடனே எலக்ட்ரீஷியனை அழைத்து மாற்றிவிடுங்கள்.