டிரான்சியும் வத்திக்கானும்: மன்னிப்புக் கோரலின் இரு வழிகள்

நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையின்போது கத்தோலிக்கர் நடந்துகொண்ட விதம் குறித்து, ஆறு மாத இடைவெளிக்குள் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன.

பிரெஞ்சு ஆயர்கள் 1997 செப்டம்பர் 30 அன்று, பல்லாயிரம் யூதர்கள் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்ட பாரிஸ் புறநகரான டிரான்சியிலேயே கூடி, நாஜி ஜெர்மனியுடன் ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு 1940 அக்டோபரில் யூதர்களுக்கு எதிரான சட்டத்தை இயற்றியபோது திருச்சபைத் தலைவர்கள் காத்த மௌனம் ஒரு தவறு என்று ஒப்புக்கொண்டு, கடவுளிடம் மன்னிப்பை மன்றாடினார்கள். தங்கள் மனவருத்தத்தைச் செவிமடுக்குமாறு யூத மக்களையும் கேட்டுக்கொண்டார்கள். 1942 ஆகஸ்டில் பிரான்சின் துலூஸ் நகரப் பேராயர் சாலியேஜ் யூதர்களின் நாடுகடத்தலை வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார் என்பதால், அன்று பேசவே வழியில்லை என்ற சாக்குக்கு இடமில்லை.

கர்தினால் கேசிடி தலைமையிலான வத்திக்கான் ஆணையம் 1998 மார்ச் 16 அன்று வெளியிட்ட அறிக்கையோ உலகத் திருச்சபை முழுமைக்குமானது. எனினும், அது குற்றத்தைத் திருச்சபையின் மீதல்லாமல் அதன் ‘புதல்வர், புதல்வியர்’ மீதே வைத்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரைப் பாராட்டியது. நாஜிகளின் இனவெறிக்குக் கிறிஸ்தவத்துக்கு வெளியேதான் வேர் என்றது. யூதத் தலைவர்கள் பலர் ஏமாற்றமடைந்தார்கள், அது நியாயமானதே. நாஜிக் கொள்கை கிறிஸ்தவ விரோதமானது என்பது உண்மைதான் என்றாலும், நூற்றாண்டுகளாகப் பிரசங்க மேடைகளில் விதைக்கப்பட்ட வெறுப்பே அண்டை வீட்டாரின் மனச்சாட்சியை மரத்துப்போகச் செய்தது என்பதை டிரான்சி அறிக்கை தயங்காமல் ஏற்றது.

பொறுப்பை ஏற்கும் துணிவில் டிரான்சியே மேலானது. ஆனால் பிரான்சுக்கு வெளியே அதற்கு அதிகாரம் இல்லை.