பவர் சப்ளை செட் வாங்குமுன் தராசில் வையுங்கள்

பச்சைப் பூப்போட்ட மேசைவிரிப்பு. அதன்மேல் ஒரு ட்ரான்ஸ்போமர், தொப்பி வடிவ ட்ரான்சிஸ்டர் இரண்டு, தடித்த கப்பாசிற்றர் ஒன்று, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீற் சிங்க் ஒன்று. "0 முதல் 30 வோல்ற், 5 அம்பியர், நீங்களே பூட்டலாம்" என்று, வீட்டுக் கரண்டை வேண்டிய வோல்றுக்கு இறக்கித் தரும் பவர் சப்ளைக்கான செட்டாக முகநூலில் இந்தப் படத்தைக் கண்டால் கடந்து போய்விடுங்கள். நான் போகவில்லை.

இலங்கையின் வடக்கே, வன்னியில் உள்ள விசுவமடுவில் இருந்துகொண்டு எலெக்ட்ரோனிக்ஸ் சாமான் வாங்குவது என்ன பாடு என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஒரு டயோட் கிளிநொச்சியில் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் யாழ்ப்பாணம், அங்கும் இல்லையென்றால் கொழும்பு முதலாம் குறுக்குத் தெரு. பஸ் காசையும் ஒரு நாள் வேலையையும் கூட்டிப் பார்த்தால் டயோட்டின் விலை எங்கேயோ போய்விடும். அதனால் "வீட்டுக்கே வரும், சாமான் கைக்கு வந்தபிறகு காசு" என்றதும் விழுந்துவிட்டேன். கூரியர் தம்பி சந்திக்கு வரச்சொல்லி, எஞ்சினை நிறுத்தாமலே, "அண்ணை, காசு தந்தாப் பிறகுதான் பிரிக்கலாம்" என்றார். அவரில் பிழை இல்லை, அவருக்குச் சொல்லப்பட்ட விதி அது. 14,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

பெட்டியில் எல்லாம் இருந்தன. ட்ரான்ஸ்போமரில் 24 வோல்ற், 5 அம்பியர் என்று அழகான ஸ்டிக்கர். ட்ரான்சிஸ்டரில் 2என்3055 என்ற மாதிரி இலக்கம் அச்சு. ஒரு கிழமை இரவுகளில் விறாந்தையில் இருந்து ஈயம் பிடித்தேன். பழைய கம்ப்யூட்டர் கேசிங்கை வெட்டிப் பெட்டி செய்தேன். கைபேசியையும் எல்இடியையும் கொடுத்துப் பார்த்தபோது வோல்ற் அசையவே இல்லை. சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அரை அம்பியர்கூட இழுக்காத சாமானைக் கொடுத்துவிட்டுத்தான் அந்தச் சந்தோஷம்.

பக்கத்து வளவு ஐயாவிடம் வான் வாகனத்தில் பூட்டுகிற 12 வோல்ற் காசெற் றேடியோ ஒன்று இருந்தது. தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி வரத் தடை இருந்தபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட தலைமுறை அவர். போரின் கடைசியில் வளவை விட்டு வெளிக்கிடும்போது றேடியோவைப் பொலித்தீனில் சுற்றித் தாட்டு வைத்தார். திரும்பி வந்து தோண்டி எடுத்தார். அதில் ஒரு பக்கம் சத்தம் வரவில்லை என்று என்னிடம் தந்தார். புது சப்ளையை 12 வோல்றில் வைத்துப் பூட்டினேன், சத்தத்தைக் கூட்டினேன், மீற்றர் 2.5 அம்பியர் காட்டியது. பத்து நிமிடம் பாட்டு நன்றாகப் போனது. பிறகு ஒரு சின்ன டிக். மீற்றரில் 27 வோல்ற். நான் சுவிச்சுக்குக் கை கொண்டுபோவதற்குள் றேடியோவுக்குள் இருந்து புகை.

நடந்தது இதுதான். மேலே ட்ரான்ஸ்போமர் பக்கம் இருந்து 27 வோல்ற் வந்து (24 வோல்ற் ஏசி டிசியாக மாறும்போது அதைவிடக் கூடும்), கீழே றேடியோவுக்கு 12 போகவேண்டும் என்றால், நடுவில் 15 வோல்றை ட்ரான்சிஸ்டர்கள் தாங்கவேண்டும். 2.5 அம்பியரால் பெருக்கினால் 37.5 வாற் சூடு. இரண்டுக்கும் பிரித்தால் ஆளுக்கு 19 வாற் அளவில். உண்மையான 2என்3055 ஒன்றுக்கே 60 வோல்ற், 15 அம்பியர், உறை 25 பாகை செல்சியசில் இருந்தால் 115 வாற் வரை தாங்கும் என்று கணக்கு. ஒழுங்கான ஹீற் சிங்கில் 19 வாற் அதற்கு ஒரு சுமையே இல்லை. ஆனால் இந்தச் சாதி ட்ரான்சிஸ்டர் செத்தால் பெரும்பாலும் திறந்தபடி சாகாது. கரண்ட் உள்ளே வரும் காலான கலெக்டரும் வெளியே போகும் காலான எமிட்டரும் ஒட்டிக்கொண்டு சாகும். அப்போது மேலே உள்ள வோல்ற் முழுக்கக் கீழே இறங்கும்.

அப்படியானால் இது ஏன் செத்தது? ஹக்சோவால் ட்ரான்சிஸ்டரின் தொப்பியைச் சுற்றி அறுத்துத் திறந்தேன். பழைய அம்ப்ளிஃபயர் ஒன்றில் செத்துக் கிடந்த 2என்3055 ஒன்றையும் திறந்து பக்கத்தில் வைத்தேன். பழையதில் சிலிக்கன் துண்டு சின்னவிரல் நகத்தில் பாதி இருந்தது. புதியதில் ஒரு கடுகு. பெரிய சட்டிக்குள் ஒரு கடுகை ஒட்டிவைத்து, மேலே இலக்கம் அடித்து விற்றிருக்கிறார்கள். நகப்பூச்சு நீக்கும் தண்ணியைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன், இலக்கமும் பஞ்சோடு வந்தது. (வெட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: வெள்ளைப் பீங்கான் உள்ள பழைய ட்ரான்ஸ்மிட்டர் ட்ரான்சிஸ்டரை அறுக்காதீர்கள். அதில் பெரிலியம் ஒக்சைட் இருக்கலாம், தூள் நெஞ்சுக்குள் போனால் ஆபத்து.)

பிறகுதான் ட்ரான்ஸ்போமரைச் சந்தேகித்தேன். சந்திக் கடைத் தராசில் வைத்தால் 1 கிலோ 100 கிராம். 24 வோல்றும் 5 அம்பியரும் என்றால் 120 வோல்ற்-அம்பியர். இரும்புத் தகடு அடுக்கிய அந்த அளவு ட்ரான்ஸ்போமர் ஏறக்குறைய 2 கிலோ இருக்கும். இரும்பும் செம்பும் இல்லாமல் சக்தி வராது, ஸ்டிக்கர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். வயரின் வார்னிஷை பிளேட்டால் ஆழமாகச் சுரண்டினேன், வெள்ளை. மேலே ஈயம் பூசியிருந்தாலும் வெள்ளையாகத் தெரியும் என்பதால் இன்னும் சுரண்டினேன், செம்பு வரவே இல்லை. அலுமினியம். ஒரே தடிப்பில் செம்பைவிட அதன் தடை ஏறக்குறைய 1.6 மடங்கு. அது சொன்ன கரண்டைத் தருமா என்று பார்க்க, சுமையாகக் கார் ஹெட்லைற் பல்பு இரண்டைத் தொடராகப் பூட்டினேன். 12 வோல்ற் 55 வாற் பல்பு இரண்டு 24 வோல்றில் 4.6 அம்பியர் அளவில் இழுக்கும், இதைவிட மலிவான சோதனைச் சுமை கிடையாது. வோல்ற் 19க்கு இறங்கியது. அரை மணித்தியாலத்தில் தொட முடியவில்லை, வார்னிஷ் மணம் வேறு.

கப்பாசிற்றர் கதை சின்னது. கரண்டைச் சேமித்துச் சீராக்கும் அதன் கொள்ளளவு உறையில் 10,000 மைக்ரோஃபரட், மீற்றரில் 4,300.

விற்றவருக்கு அழைத்தேன். "அண்ணை, நீங்கள் வயரை மாறிக் குடுத்திருப்பியள்" என்றார். தம்பி, வெட்டிப் பார்த்துவிட்டேன், படம் அனுப்பவா என்றேன். "வெட்டினா வாரண்டி இல்லையே அண்ணை." அதற்குப் பிறகு என் இலக்கத்தை அவர் எடுக்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்தான். ஆனால் என்னிடம் பற்றுச்சீட்டும் இல்லை, விற்றவரின் முகவரியும் இல்லை. பொதியில் இருந்தது ஒரு கைபேசி இலக்கம் மட்டும். பற்றுச்சீட்டு தரமாட்டேன் என்கிறவரிடம் வாங்கவே கூடாது என்பது காசு போனபிறகு வந்த புத்தி.

என் பிழையும் இதில் உண்டு. 12 வோல்ற் வேலைக்கென்று, கரண்ட் வெளியே வரும் சப்ளையின் வாயில் 15 வோல்ற் செனரும் (அந்த வோல்றைத் தாண்டினால் கரண்டை விடும் டயோட்) ஒரு எஸ்சிஆரும் (தட்டிவிட்டால் மூடிக்கொள்ளும் எலெக்ட்ரோனிக் சுவிச்) ஃபியூசும் சேர்த்துக் காவல் ஒன்று போட்டிருக்கலாம். வோல்ற் எகிறினால் எஸ்சிஆர் வாயின் இரண்டு முனையையும் ஒட்டவைக்கும், ஃபியூஸ் போகும், றேடியோ தப்பும். எல்லாம் சேர்த்து 300 ரூபாய் வந்திருக்காது. அவசரத்தில் விட்டேன். அடுத்தவரின் சாமானைப் பூட்டுமுன் பல்புச் சோதனையாவது செய்திருக்கவேண்டும்.

ஐயா ஒன்றும் சொல்லவில்லை. றேடியோவில் எரிந்த ஐசி சில்லின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், பழைய வான் றேடியோ எங்காவது கிடைத்தால் கழற்றவேண்டும். இப்போது ட்ரான்ஸ்போமர் வாங்குவதென்றால், அதைத் தராசில் வைத்துப் படம் அனுப்புங்கள் என்று கேட்கிறேன். மூன்று பேரிடம் கேட்டேன், ஒருவர்தான் அனுப்பினார். அவரிடமே வாங்கினேன், 2 கிலோ 50 கிராம்.

அந்த முகநூல் பக்கம் இப்போது வேறு பெயரில் இருக்கிறது. நேற்று கண்ணில் பட்டது. இம்முறை விற்பது சோலார் லைற்றுக்கு லித்தியம் பற்றரி, ஒன்றின் கொள்ளளவு 9,900 மில்லி அம்பியர்-மணி என்று போட்டிருக்கிறார்கள். அந்த 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளச் செல்லில் நல்ல கம்பனிகளே பொதுவாக 3,500 அளவில்தான் தருகின்றன. படத்தில் அதே பச்சைப் பூ மேசைவிரிப்பு.